லீவு நாள் துணை

பெரியம்மாவுக்கு லீவு நாள் ஆகாது. மற்ற நாட்களில் எழுவார், தண்ணீர் பிடிப்பார், பெரியப்பாவோடு ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போடுவார், சாப்பிட்டுத் தூங்குவார். லீவு நாள் வந்தால் அவர் உருவத்தில் வேறு யாரோ வீட்டில் நடமாடுவது போலிருக்கும். நான் சின்னவளாக இருந்தபோது அந்தக் காலைகளில் கண் விழித்ததும் முதலில் தெரிவது என் மூக்கருகே நீண்டிருக்கும் அவருடைய விரல்கள். மூச்சு வருகிறது என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருப்பார். பிறகு பெரியப்பாவிடம் போவார். அவர் கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன், இருக்கேன். டீ போடு" என்பார்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் எழுப்புவார்கள் என்று வெகு நாள் நினைத்திருந்தேன்.

பெரியம்மா வெடிமருந்து ஆலையின் பெண்கள் வாசலில் சோதனை பார்த்தவர். கல் குவாரிகளுக்குத் தோட்டா செய்யும் ஆலை அது. ஊரை விட்டுத் தள்ளி, மண் மேடுகளுக்குப் பின்னால் தாழ்வான கொட்டகைகளாகக் கட்டியிருந்தார்கள். ஒன்று வெடித்துப் போனாலும் மற்றது நிற்க வேண்டும் என்பதற்காக, கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவே வெறும் புல்வெளி. உள்ளே போகும் பெண்களிடம் தீப்பெட்டி, சாவி, இரும்பு ஊக்கு, வளையல் எதுவும் இருக்கக் கூடாது. வெளியே வரும்போது ஆலைப் பொருள் துரும்பளவும் கூடாது. பெரியம்மா கையால் தடவியே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாராம். மடிப்புக்குள் மடிப்பாகச் சுருட்டி வைத்த ஒற்றைத் தீக்குச்சியைக்கூட.

வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் அந்தக் கைகளுக்கு வேலை போனது தெரியவில்லை. யாராவது பாசத்தோடு கட்டிக்கொண்டால் அவர்கள் விலாவோரமாக மேலிருந்து கீழே ஒரு தடவு தடவித்தான் விடுவார். பெரியப்பா தையல்காரர். வாசலை ஒட்டிய அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, துணி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வார். "கல்யாணத்தன்னிக்கே என் சட்டைப் பையைத் தடவிப் பாத்தவ இவ. நான் வேற என்னமோ ஆசைன்னு நெனச்சு அசையாம நின்னேன். பாத்துட்டு, சரி போங்கன்னுட்டா."

பெரியம்மா உள்ளேயிருந்து, "ஒண்ணும் இல்லாத பை. அப்பவே தெரிஞ்சிருக்கணும் எனக்கு" என்பார்.

என் அம்மா பெரியம்மாவின் தங்கை. அதே ஆலையில் தோட்டா சுற்றும் கொட்டகையில் வேலை செய்தாள். அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது பெரியம்மாதான். நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு லீவு நாள் காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று ஆலை மருத்துவர் சொன்னாராம். அப்பா வேறு ஊருக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரியப்பாவின் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தில் அம்மா இப்போது என்னைவிட இளையவள். அதனாலோ என்னவோ, அவளை நினைக்கும்போது 'அவள்' என்றுதான் வருகிறது.

ஆலையை மூடிவிட்டார்கள். சங்கு ஊதுவதும் நின்றுவிட்டது. ஆனாலும் வேலை முடியும் நேரத்துக்குப் பெரியம்மா எங்கிருந்தாலும் எழுந்து போய் வாசற்படியில் நிற்பார். தெருவில் போகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரையோ கடைசியாக எதிர்பார்த்து, அந்த ஆள் வராததால் உள்ளே வருவது போல வருவார். "யாரு பெரியம்மா?" என்று ஒரு முறை கேட்டேன். "யாரும் இல்ல. எல்லாரும் போயாச்சு" என்றார்.

போன வருடம் மழைக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு வலி தொடங்கியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுப் படியேறும்போது நின்றுவிடுவார். சுவரில் கையை ஊன்றி, எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்து நிற்பார். கேட்டால், "யாரோ நெஞ்சு மேல முழங்காலை ஊன்றி ஒக்காந்தாப்பல இருக்கு. எழுந்து போயிடுவாங்க" என்று பதில் வரும். யாரோ வந்து உட்கார்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது போலத்தான் பேசுவார்.

வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த இளம் டாக்டருக்குத் தமிழ் வராது. நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழியில் அவர் பேச, நான் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சோதனைகளெல்லாம் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் போகும் குழாய்கள் ஒடுங்கியிருக்கின்றன என்றார். வலி வரும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை எழுதினார். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். ரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசை வளையங்கள் இருக்கின்றன. அவை எப்போதும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். இந்த மருந்து சுவருக்குள் போனதும் சுவரே அதை உடைத்து, அதிலிருந்து துளியூண்டு வாயுவை எடுத்துக்கொள்ளும். அந்த வாயு தசையிடம் 'விடு' என்று சொல்லும். தசை விட்டுவிடும். குழாய் அகலும், இதயத்தின் பாரம் குறையும், வலி போய்விடும்.

பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த இறுக்கத்தைப் பார்த்து, சிரிக்க வைக்க நினைத்தோ என்னவோ, டாக்டர் ஒன்று சேர்த்துச் சொன்னார். மனிதர்கள் சோதனைச்சாலையில் செய்த பொருள் இது. பாறையை உடைக்கும் டைனமைட்டில் இருப்பதும் இதுவேதான். பயப்பட வேண்டாம், இந்த மாத்திரையில் இருப்பது ஓர் எறும்பைக்கூட எழுப்பாது.

நான் அதையும் அப்படியே சொன்னேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

"எண்ணெயா?" என்றார்.

"என்ன எண்ணெய்?"

"ஆலை எண்ணெயான்னு கேளு."

கேட்டேன். டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்து, ஆமாம், அதே எண்ணெய்தான் என்றார். பெரியம்மா எழுந்துகொண்டார். "வா பாப்பா, போலாம்."

வீட்டுக்கு வந்ததும், மாத்திரை இருந்த சின்னப் பழுப்பு நிறக் குப்பியை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு காகிதத்தால் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிழலில் கிடந்த பழைய வாளியில் மணலை நிரப்பி, நடுவில் குழி பறித்து, குப்பியை அதற்குள் இறக்கி மூடினார். ஆலையில் கொட்டகைத் தரையில் எண்ணெய் சிந்தினால் அப்படித்தான் மணல் போடுவார்களாம்.

பெரியப்பா மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "இனிமே உங்க பெரியம்மாகிட்ட சண்டை போட முடியாது பாப்பா. ஆயுதம் சேக்கறா."

மாத்திரை வெடித்துவிடுமோ என்றுதான் பெரியம்மா பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். வெடிக்காது என்று புரியவைத்துவிட்டால் சாப்பிட்டுவிடுவார். அந்த வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு லீவு நாள் காலையில் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன். நல்ல பிள்ளையாகப் பாடம் ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"அத வச்சா தலைவலி வருமாமே?"

கேள்வி கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். "மொதல்ல வரும் பெரியம்மா. நெஞ்சுல இருக்கற குழாய் மட்டுமில்ல, தலையில இருக்கறதும் தளருதில்ல, அதனால. தொடர்ந்து ஒடம்புக்குள்ள போயிட்டே இருந்தா ரெண்டு மூணு நாள்ல பழகிடும். அப்புறம் வலிக்காது."

"நடுவுல விட்டா?"

"விட்டுட்டு மறுபடி தொட்டா மறுபடி வலிக்கும். பழக்கம் போயிடுதில்ல."

"அது சரி." கத்தி ஓடிக்கொண்டிருந்தது. "நல்லாப் பழகினவங்களுக்கு அது திடீர்னு கெடைக்கலைன்னா? தலைவலி மட்டுந்தானா?"

இதையும் நான் படித்திருந்தேன். "அவ்வளவு நாளா வெளியிலேர்ந்து ஒண்ணு வந்து குழாயைத் தளத்திட்டே இருந்துச்சு. ஒடம்பும் அதுக்கு ஈடு கட்ட, உள்ளேர்ந்து இறுக்கிப் பழகியிருக்கும். வெளியில வர்றது நின்னதும், இறுக்கறது மட்டும் மிஞ்சும். இதயத்துக்குப் போற குழாயும் சேந்து இறுகலாம். சில பேருக்கு நெஞ்சு வலி வரும். சில பேரு…"

"செத்துப்போவாங்க."

"அபூர்வமா. அதெல்லாம் பெரிய அளவுல பழகினவங்களுக்கு. உங்க மாத்திரைக்கும் அதுக்கும்…"

"எத்தனை நாள்ல?"

"ஒரு நாள்ல. இல்ல ரெண்டு நாள்ல."

அவர் தலையாட்டினார். மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் பாடம் முடிந்தது என்ற திருப்தியோடு அங்கேயே இருந்தேன். அவர் நறுக்கிய காயையே மறுபடி கூட்டிச் சேர்த்து நறுக்கினார். அதையும் கூட்டி மறுபடி நறுக்கினார். சாப்பிட உட்கார்ந்தபோது பெரியப்பா தட்டைக் கிளறிப் பார்த்து, "காய் எங்கே, லீவுல போயிடுச்சா?" என்றார். பெரியம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு வலி வந்தால் சொல்வதையும் நிறுத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் வாளிப் பக்கம் திரும்பினால், "அதத் தொட்டே, நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்" என்பார். மறுபடி டாக்டரிடம் போகலாம் என்றால் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாரா தெரியாது. நான் எப்போது விழித்தாலும் என் கட்டிலருகே அவர் இருந்ததன் சூடு இருக்கும். அவர் இருக்க மாட்டார்.

ஒரு நாள் பெரியப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "மாத்திரையில ஒண்ணுமில்ல பாப்பா. இது பழைய கணக்கு. என்னால சொல்ல முடியாது. சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டா. ரேடியோவக் கூப்பிடறேன், அவகிட்ட யாரும் வாக்கு வாங்க முடியாது."

ரேடியோ அத்தை எங்களுக்கு உறவு கிடையாது. அம்மாவோடு ஒரே கொட்டகையில் தோட்டா சுற்றியவர். தூங்கும்போது மட்டும் நிற்கும் வாய் என்று ஆலையில் வைத்த பேர் அது. மறுநாள் மத்தியானம் வந்தார். பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊரிலுள்ள அத்தனை பேர் வியாதியையும் சொல்லிவிட்டு, பெரியம்மா கண்ணயர்ந்ததும் பின்கட்டுக்கு வந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மணல் வாளியைக் காலால் தள்ளி, "இதுக்குள்ளயா வச்சிருக்கா? நல்ல கூத்து" என்று கல்லின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அத்தை, ஆலையில தலைவலி வருமா?" என்று ஆரம்பித்தேன்.

"வருமாவா? வேலைக்குச் சேந்த மொதல் நாள் நான் செத்தேன்னே நெனச்சேன். தலைக்குள்ள யாரோ குடி வந்து, படம் மாட்ட ஆணி அடிக்கிற மாதிரி. எண்ணெயைப் பொடியோட பெசஞ்சு மாவு மாதிரி குடுப்பாங்க. அதைக் காகிதத்துல சுத்தணும். கையில பட்டாலும் ஏறும், மூச்சுல போனாலும் ஏறும். ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். அப்புறம் லீவு வரும். லீவு முடிஞ்சு போனா மறுபடியும் ஆணி. வாராவாரம் இதே கதை. அப்புறம் பழைய ஆளுங்கதான் சொல்லிக் குடுத்தாங்க, துணை வச்சுக்கச் சொல்லி."

"துணையா?"

"லீவுக்கு மொத நாள் சாயங்காலம் மாவுல ஒரு கிள்ளு எடுத்துத் தலைத்துணி மடிப்புல தேச்சுக்கறது. வீட்டுலயும் அதைக் கட்டிக்கிட்டே இருந்தா ஒடம்புக்கு லீவுன்னே தெரியாது. திரும்பிப் போனா வலி இருக்காது. 'துணை இருக்கா, துணை இருக்கா'ன்னு ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்குவோம். வீட்டுக்காரர் இல்லாதவகூட, துணையோடதான் தூங்கறேன்பா." அத்தை சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "உங்க பெரியம்மாவுக்குத் தெரியும். அவ கைக்குத் தெரியாதது ஏது? ஆனா தலைகிட்ட வந்ததும் அந்தக் கை சும்மா தாண்டிப் போயிடும். எத்தனை பேரு கும்பிட்டிருப்போம் அவளை."

நான் துணியைப் பிழியாமல் வைத்திருந்தேன்.

"அப்புறம் வேற ஏதோ ஆலையில ஒரு கொட்டகை எரிஞ்சுது. ஆளுங்க பொருளை வெளிய கொண்டுபோறாங்கன்னு மேல பேச்சு வந்துச்சு. புதுசா ஒரு ஆபீசர் வந்தாரு. அன்னிக்கு உங்க பெரியம்மா பக்கத்துலயே நின்னு பாக்கறாரு. மறுநாளும் அதுக்கு மறுநாளும் லீவு. தலைத்துணியெல்லாம் அவுத்துக் கூடையில போடச் சொல்லிட்டாங்க. உங்கம்மா எனக்கு முன்னாடி நிக்கறா. அவ கெட்டிக்காரி, ஒரு சின்னத் துணியில தேச்சுக் கொண்டைக்குள்ள சொருகியிருந்தா. அக்காதானே, விட்டுடுவான்னு நெனச்சிருக்கா. பெரியம்மா கை கொண்டைகிட்ட வந்துது. வழக்கமாத் தாண்டிப் போற கை, அன்னிக்கு நின்னுது. ஆபீசர் பாத்துட்டே இருக்காரே. உருவி எடுத்துட்டா."

"அம்மா என்ன சொன்னா?"

"மெதுவாத்தான் சொன்னா. 'அக்கா, விட்டுடு. ரெண்டு நாள் லீவு. தலைவலி தாங்காதுக்கா.' உங்க பெரியம்மா எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னா, 'தலைவலியில யாரும் செத்துப்போகல. போ'ன்னு." அத்தையின் குரல் முதல் முறையாகத் தணிந்தது. "அவ வேற என்னம்மா சொல்லுவா. வேலை போயிடும். ரெண்டாம் நாள் காலையில உங்கம்மா எழுந்திருக்கல. நான் அந்த வாரம் துணை வைக்க மறந்து போனவதான். எனக்கு ஒண்ணும் ஆகல, தலைவலியோட போச்சு. அவளுக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? லீவு நாள்ல இப்படிச் சில பேரு போயிருக்காங்க, எங்களுக்குள்ள பேசிக்குவோம். ஆனா அதனாலதான்னு அடிச்சுச் சொன்னவங்க யாரும் கெடையாது."

அடித்துச் சொன்னது நான்தான். இருபது வருடத்துக்கு மேலாகச் சந்தேகமாக இருந்ததை, காய் நறுக்கும் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, நாள் கணக்கோடு சொல்லியிருக்கிறேன். எத்தனை நாளில் என்று கேட்டபோது ஒரு நாள், இல்லை இரண்டு நாள் என்று பதில் சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. அது பிரியமான குரலாகத்தான் இருந்தது.

அத்தை போன பிறகு பெரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூங்கும்போதும் அவர் கைகள் வயிற்றின் மேல் விரிந்தபடியே இருந்தன. என் அம்மாவின் கூந்தலைக் கடைசியாகத் தொட்ட கைகளில் அவையும் அடக்கம். பிறகு எனக்குச் சோறு ஊட்டியவையும் அவைதான். கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வந்தது போலவும் இருந்தது. ஆனால் அவர் மூச்சு கொஞ்சம் தாமதித்தபோது, என் விரல்கள் தாமாகவே அவர் மூக்கருகே போய்விட்டன.

அடுத்த லீவு நாள் காலையில் பெரியம்மா பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் வேர்த்திருந்தது. இடது கையை மடியில் போட்டு வலது கையால் பிடித்திருந்தார். பெரியப்பா மிஷினை விட்டு ஓடி வந்து, அவரைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து ஆட்டோவுக்குக் குரல் கொடுத்தார். நான் வாளியைக் கவிழ்த்து, மணலைத் துழாவிக் குப்பியை எடுத்தேன்.

அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

"பெரியம்மா, அத்தை சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. பல வருடமாக வாசற்படியில் நின்று அவர் எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டது போல இருந்தது.

"தெரிஞ்சுமா குடுக்கறே?"

"தெரிஞ்சுதான் குடுக்கறேன். நாக்கைத் தூக்குங்க."

"வேணாம் பாப்பா. அவளுக்கு இல்லாதது எனக்கு…"

"நாக்கைத் தூக்குங்க பெரியம்மா."

தூக்கினார். வைத்தேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். குழாயை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் எங்கள் கால்களைச் சுற்றி ஓடியது. கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவின் தோள்கள் இறங்கின. முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இனிக்குது" என்றார்.

பெரியப்பா கண்ணைத் திறந்து, "வெடிக்கலையே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

ஆட்டோவில் போகும்போது பெரியம்மாவுக்குத் தலைவலி வந்தது. நெற்றிப் பொட்டுகளில் நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தலைவலிக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், வாயில் போடவில்லை.

"போட்டுக்கங்க பெரியம்மா, இதுக்குப் போடலாம்."

"இருக்கட்டும்." கண்களைத் திறக்காமல் பேசினார். "கையால தொட்டுப் பாக்காம நான் எதையும் விட்டதில்ல. இந்தத் தலைவலியை மட்டும் தொட்டுப் பாக்காமலே சொல்லிட்டேன். அவ சொன்னது நெசம். தாங்க முடியல."

சாயங்காலம் வரை அந்த வலியோடு படுத்திருந்தார். நான் வெளிச்சம் படாமல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் இப்போது மற்ற மருந்துகளோடு ஒரு ஒட்டு மருந்தும் கொடுத்தார். மெல்லிய, நிறமில்லாத பிளாஸ்டர். அதே எண்ணெய்தான், தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். காலையில் ஒட்ட வேண்டும், சாயங்காலம் எடுத்துவிட வேண்டும். ராத்திரியும் இருந்தால் உடம்பு பழகிவிடும், பழகிவிட்டால் பலன் இருக்காது. அதனால் தினமும் சில மணி நேரம் அது இல்லாமல் இருக்க வேண்டும் என்றார்.

இதை எப்படித் தமிழில் சொல்வதென்று நான் தயங்கினேன். டாக்டர் கையால் ஒட்டுவதையும் எடுப்பதையும் காட்டியதிலேயே பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப தினமும் லீவா" என்றார்.

இது வேறு, மிகக் குறைந்த அளவு, அந்த நேரத்துக்கு மற்ற மருந்துகள் காவலாக இருக்கும், ஆலையில் நடந்தது போல ஆகாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆலையைப் பற்றி டாக்டருக்கு நான்தான் சொல்லியிருந்தேன். அவர் முகம் மாறி, பேனாவை மூடி வைத்துவிட்டு, அன்று அப்படிச் சிரித்ததற்கு மன்னிக்கச் சொன்னார். பெரியம்மா, "அவருக்கென்ன தெரியும், பாவம்" என்றார்.

நர்ஸ் முதல் ஒட்டை இடது தோளின் பின்பக்கம் ஒட்டி அனுப்பினார்.

சாயங்காலம் ஆனது. பெரியம்மா வாசற்படிக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுக்கும் நேரம் வந்ததும் நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரவிக்கைக் கழுத்தை விலக்கப் போனேன். அவர் தோளைத் திருப்பிக்கொண்டார்.

"நீ எடுக்காதே."

"நேரமாச்சு பெரியம்மா. எடுக்கலைன்னா நாளைக்கு வேலை செய்யாது."

"எடுக்க வேணாம்னு சொல்லல. நீ எடுக்காதேன்னு சொல்றேன்."

"உங்களுக்குக் கை எட்டாது."

"எட்டும்."

வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனார். எட்டவில்லை. முதுகுப் பக்கமாக வளைத்தார். விரல் நுனி ஒட்டின் ஓரத்தைத் தொட்டு நழுவியது. வாசல் அறையில் மிஷின் நின்றுவிட்டது. நான் மறுபடி கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலின் மேல் வைத்து அழுத்தினார்.

"நாளைக்குக் காலையில நான் எழுந்திருக்கலைன்னு வை. எடுத்தது உன் கையா இருக்கக் கூடாது."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, இடது முழங்கையை வலது கையால் முன்னால் இழுத்து, தோளைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். வெகு நேரம் ஆகி, அறை இருட்டிவிட்டது. பிசின் தோலை விட்டுப் பிரியும் மெல்லிய சத்தம் கேட்டது. அதைப் பிசின் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து என்னிடம் தந்தார். "இப்ப விளக்கைப் போடு" என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில், புதிய ஒட்டின் காகிதத்தை உரித்துவிட்டு, அவருடைய வலது கை சுலபமாக எட்டும் இடமாகப் பார்த்து நெஞ்சில் ஒட்டினேன்.